சிபிரி பமொகோ கேட்காமல் விட்ட சேவல்கள்

1986 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கரை மணிக்குச் சிபிரி பமொகோவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். தாங்ஸொங்கோ சந்தையின் ஓரத்தில், லமீன் பாரேயின் சைக்கிள் பட்டறைக்கு முன்னால், தகரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். தெற்கே கடலோரத்து அபிஜானிலிருந்து புறப்பட்டுக் காயாவில் இறங்கி, அங்கிருந்து தானிய லாரியின் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வந்தவர் என்பதை அவர் தலைமுடியில் படிந்திருந்த செம்மண்ணே சொல்லிற்று. நெடுநாள் கழித்து ஊர் திரும்பியவரை லமீன் வரவேற்ற விதம் இது:

“வாடா அடிமைப் பயலே! கடல்ல விழுந்து செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க? மீனுக்குக்கூட உன்னப் பிடிக்கலயா?”

லமீன் சாமோ இனத்தவர். சிபிரி, என்னைப் போலவும் ஊரில் மற்ற எல்லோரையும் போலவும், மோஸி. மோஸிக்கும் சாமோவுக்கும் இடையே உள்ள உறவை ராகீரே என்போம். கேலிமுறை என்று வைத்துக்கொள்ளலாம். சாமோ மோஸியை அடிமை என்பான். மோஸி சாமோவை நாய்தின்னி என்பான். கேட்பவன் சிரிக்கவேண்டும்; முகம் சுளித்தால் குற்றம் அவனுடையது. பார்த்தவுடன் வையாமல் போகிற சாமோவுக்கு நம்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள்.

ஆகவே, சிபிரி உடனே “நாய்தின்னி” என்று திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். கொடுக்கவில்லை. பெட்டியை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். லமீனின் வாயையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி அறைந்துகொண்டார்.

“அட, இதுதான்! கப்பல்ல இருந்த அத்தன வருசமும் தேடிக்கிட்டிருந்தது இதுதான்!”

“என்னடா, வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா?” என்றார் லமீன்.

சிபிரி என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைப் பார்த்திருக்கவேண்டும். “நீங்க வாத்தியாருதானே? ஒரு சந்தேகம். ஒரு பாஷையில எல்லாரும் எல்லாருகிட்டயும் இவன மாதிரியே பேசுறாங்கன்னா, அவங்கள்லாம் யாருக்கு யாரு?”

ஊர்ப் பள்ளிக்கு நான் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இலக்கணம் படித்தவன், எழுவாய் பயனிலை பற்றிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் வாழ்க்கையை நான் தெரிந்துகொண்டதெல்லாம் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனதால்தான்.

தாங்ஸொங்கோவில் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள குடியிருப்பைக் கீழூர் என்போம். அங்கே பிறந்தவர் சிபிரி. தகப்பனார் இறந்தபின் தமையன் தீகா வளவுக்கு, அதாவது ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த குடும்ப வீடுகளுக்கு, தலைவரானார். ஒரு பஞ்ச வருடத்தில், எங்கள் பக்கத்து இளைஞர்கள் எல்லோரையும்போல், சிபிரியும் தெற்கே கொக்கோத் தோட்டத்துக்குப் போனார். தோட்டம் பிடிக்கவில்லை. அபிஜான் துறைமுகத்தில் காயலைத் தூர்வாரும் கப்பல் ஒன்று நின்றது; அதன் ஆட்கள் டச்சுக்காரர்கள். சமையலறையில் காய் நறுக்க ஆள் தேவைப்பட்டது. ஏறிக்கொண்டார்.

ஏறிய முதல் வாரத்திலேயே இறங்கப் பார்த்தார். பட்டாணிச் சூப் வைத்துக் கொடுத்த அன்று, கப்பல் தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும், “இது நல்லா இல்ல” என்றாராம். எங்களிடையே ஒருவர் சமையலைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதன்பின் அந்த வீட்டில் இருப்பதற்கில்லை. சிபிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். தலைவர் பின்னாலேயே ஓடிவந்து, “எங்க போற? சூப்பு நல்லா இல்லன்னுதானே சொன்னேன்?” என்று கேட்டாராம். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மறுநாள் இயந்திர அறையில் வேலை செய்த பையன் ஒருவன் அதே தலைவரைப் பார்த்து, “நீங்க கப்பலத் திருப்பினது தப்பு, அதான் தரை தட்டுச்சு” என்றபோது அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். யாரும் பெட்டி கட்டவில்லை.

“அன்னையிலருந்து எனக்கு இதே யோசனதான் வாத்தியாரே. வார்த்தை எல்லாம் சீக்கிரம் வந்துடுச்சு. ஆனா அவங்க பேசுற பேச்ச நம்ம மோரே பாஷையில எந்தப் பேச்சுன்னு வைக்கிறது? எஜமான் பேச்சா? இல்ல. பகையாளி பேச்சா? இல்ல. குடிச்சவன் பேச்சான்னு பாத்தா காலையிலயும் அப்படித்தான் பேசுறாங்க.”

சந்தை கூடாத நாட்களில் மாலைப்பொழுதுகளில் நாங்கள் மூவரும் லமீன் பட்டறையில் இருப்போம். லமீன் சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் பார்ப்பார். சிபிரி இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் நாக்கிலேயே இருந்தது. இருபத்தைந்தை நாம் இருபதும் ஐந்தும் என்கிறோம். அவர்கள் ஐந்தும் இருபதும் என்கிறார்கள். “கடன் குடுத்தவன் எண்ணுற மாதிரி நாம பெருசுலருந்து எண்ணுறோம். கடன் வாங்கினவன் மாதிரி அவங்க சிறுசுலருந்து எண்ணுறாங்க” என்பார். இரண்டு மொழியிலும் இல்லை என்பதன் முத்திரை வாக்கியத்தின் கடைசியில்தான் விழுகிறது. ஆகவே இரண்டு ஊர்க்காரனும் பேச்சு முடியும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டு மொழியிலும் பகலின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம். ஆனால் நாம் பகலுக்குப் பின் வீட்டை, பிள்ளைகளை, ஆடுமாட்டை, உடம்பை எல்லாம் விசாரித்து முடிக்கும்போது, டச்சுக்காரன் பகல் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருமுனையில் திரும்பியிருப்பான்.

எங்கள் மொழியில் தண்ணீர் என்பதற்குரிய சொல், அவர்கள் மொழியில் வா என்பதற்குரிய சொல்லைப் போலவே ஒலிப்பதை ஒருநாள் சொன்னார். நான் ஆவலோடு நிமிர்ந்தேன். “அதுல ஒண்ணுமில்ல வாத்தியாரே. சந்தையில ரெண்டு பேரு ஒரே சட்டை போட்டிருந்தா அண்ணன் தம்பியா?” என்று அதை ஒதுக்கிவிட்டார். ஒலியின் ஒற்றுமை அவருக்கு வேடிக்கை, அதற்குமேல் ஒன்றுமில்லை. யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதுதான் அவர் தேடிய இலக்கணம். லமீனின் வசவில் அன்று மாலை அவருக்கு அகப்பட்டது அதுதான்.

“அந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சாமோ. வேற ஒண்ணுமே இல்ல” என்றார்.

“ஊர் முழுக்க சாமோவா? அப்ப அது சொர்க்கம்டா!” என்றார் லமீன்.

மறு ஆண்டு பிப்ரவரியில், மண்காப்பு வேலைக்காக நெதர்லாந்திலிருந்து ஆஃப்கே போல்மன் என்னும் பெண் பொறியாளர் எங்கள் ஊருக்கு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், நெடிய உருவம், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பிரெஞ்சு அரைகுறையாக வந்தது. ஊரில் டச்சு பேசுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று கேட்டபோது நம்பாமல் கீழூருக்கே நடந்துபோய்ச் சிபிரியைப் பார்த்தார். பத்து நிமிடம் பேசியபின், “நீ மாலுமி மாதிரிக் கெட்ட வார்த்தை பேசுற” என்றாராம். சிபிரிக்குக் கப்பலுக்கே திரும்பினாற்போல் இருந்தது.

ஊர்த் தலைவரான நாபாவை ஆஃப்கே சந்தித்த அன்று நானும் முற்றத்தில் இருந்தேன். நாபாவிடம் யாரும் நேரே பேசுவதில்லை. சொல்லவேண்டியதைப் பேச்சாளரிடம் சொல்லவேண்டும். அவர் அதை நாபாவின் காதுக்குத் தகுந்தபடி எடுத்துச் சொல்வார். ஆஃப்கே பேச்சாளரைக் கடந்து நாபாவின் முகத்தையே பார்த்துப் பேசினார். சிபிரி அதை மோரேயில் சொன்னார். கூட்டாமலும் சொன்னார், குறைக்காமலும் சொன்னார்.

“உங்க ஏரிக்கரை சரியில்ல. கட்டுனவங்களுக்கு வேல தெரியல.”

அந்தக் கரையைக் கட்டுவித்தவர் நாபாவின் தகப்பனார். பேச்சாளர் மண்ணைப் பார்த்தார்.

சிபிரி குப்புற விழுந்து, இரு கைமுட்டிகளாலும் தரையைத் தட்டி, மண்ணைத் தொட்டுச் சொன்னார்:

“நாபா, இந்தம்மா யாருன்னு முதல்ல சொல்லாம விட்டது என் தப்பு. இவங்க சாமோ. ரொம்ப காலத்துக்கு முந்தி ஒரு நாய்த் தலைக்குச் சண்டை போட்டுக்கிட்டு வடக்க ஓடுன சாமோ. ஓடுன வேகத்துல கடல்ல விழுந்துட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் தண்ணிக்குள்ளதான் குடியிருக்காங்க; கரை போட்டுப் போட்டு வெளிய ஏறப் பாக்குறாங்க.”

பின்வரிசையிலிருந்து லமீன் எழுந்து இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். “ஐயோ, என் தங்கச்சி! உன்ன எங்கெல்லாம் தேடுனோம்!”

நாபா பேச்சாளருக்குக் காத்திராமல் தாமே பேசினார். “அதான் இப்படி வெளுத்துப் போச்சா? பாவம், ரொம்ப நாள் ஊறிடுச்சு போல.”

முற்றம் குலுங்கியது. ஆஃப்கே விவரம் கேட்டார், சிபிரி சொன்னார். “அப்ப நான் எதச் சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்றார் அவர்.

“கோவிச்சுக்க முடியாது.”

“நல்ல ஏற்பாடு” என்று சொல்லிவிட்டு ஆஃப்கே, ஸோம்கோம் என்னும் கம்புமாவுப் பானம் நிறைந்த சுரைக்குடுக்கையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

உண்மையிலேயே அது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. கற்களை வரிசையாக அடுக்கி மழைநீரை மறிக்கும் வேலையில் அந்தக் கோடை முழுவதும் ஊரே இறங்கியது. வரிசை கோணலானால் ஆஃப்கே கத்துவார், சிபிரி மொழிபெயர்ப்பார், திட்டு வாங்கியவன் “நாய்தின்னி பாத்துட்டா!” என்று சிரித்துக்கொண்டே பிரித்து அடுக்குவான். ஆஃப்கேயும் சில வசவுகளைக் கற்றுக்கொண்டார். “அடிமையே, கல்லைப் பார், வானத்தைப் பார்க்காதே” என்பதைத் தொண்டையில் கரகரவென்று அவர் சொல்லும்போது, அதைக் கேட்பதற்காகவே சிலர் வானத்தைப் பார்த்தனர். ஆனால் ஏரிக்கரையைச் செப்பனிட வேண்டிய பணம் மழைக்கு முன் வரவில்லை.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. ஆகஸ்டு தொடக்கத்தில் ஏரி நிரம்பி உபரிநீர்க் கால்வாயில் வழிந்தது. ஒரு காலையில் ஆஃப்கே கரையின் அடிவாரத்தில் மண்டியிட்டிருப்பதை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்து இறங்கிப்போனேன். புல்லுக்கடியில் கை அகலத்துக்கு ஒரு கசிவு. அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரைப் பிடித்துச் சிபிரியிடம் நீட்டினார்.

“தெளிஞ்ச தண்ணியா கசிஞ்சா பயமில்லையாம். இது கலங்கல். கரையோட வயித்துக்குள்ளருந்து மண்ண அரிச்சுக்கிட்டு வருது” என்றார் சிபிரி. முகம் மாறியிருந்தது. அந்தக் கசிவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தீகாவின் வளவு. அதற்குள்தான் சிபிரியின் மனைவி ரஸ்மாத்தாவும் பிள்ளைகளும். கீழூர் முழுவதும் மண்சுவர் வீடுகள்.

ஆஃப்கே நேரே கீழூருக்குள் போனார். தீகாவின் வாசலில் நின்று, தெரிந்த மோரேயையும் சிபிரியின் குரலையும் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “வீட்ட விட்டு வெளிய போங்க. கரை உடையப் போகுது. இங்கயே இருந்தா செத்துருவீங்க.”

தீகா சகபோக் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி நிமிர்ந்தார். “சாமோவுக்கு என் வீடு வேணுமாம்! ஏம்மா, நாய்த் தலை மட்டும் போதாதா?”

வளவே சிரித்தது. பக்கத்து வளவுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தனர். ஆஃப்கே குரலை உயர்த்த உயர்த்தச் சிரிப்பும் உயர்ந்தது. சிபிரி குறுக்கே வந்து, “அண்ணே, இது விளையாட்டில்ல” என்றார். யாரும் செவிசாய்க்கவில்லை. இறுதியில் ஆஃப்கேக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று. எங்கள் இழவு வீடுகளில் சாமோக்கள் வந்து, செத்தவருடைய பாயில் படுத்துக்கொண்டு, பொய்யழுகை அழுது, துக்கக்காரர்களைச் சிரிக்கவைப்பது முறை. தீகாவின் மனைவி கைதட்டினாள்.

“இங்க வந்து பாருங்கடி, என்னமா அழுகுறா! எங்க மாமியா செத்தப்ப லமீன் அழுததவிட நல்லா இருக்கு!”

ஆஃப்கே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிபிரி தமையனின் காலடியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, அவங்க நெசமாத்தான் சொல்றாங்க. அவங்க சாமோ இல்ல.”

தீகாவின் சிரிப்பு நின்றது. “நாபா முன்னால மண்ணத் தொட்டு, இவ சாமோன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? அப்ப சொன்னது பொய்யின்னா, இவ நாபாவோட அப்பன நெசமாவே வஞ்சிருக்கா; நீ நாபாகிட்டப் பொய் சொல்லிருக்க. எதுன்னு சொல்லு. நாபா வாசலுக்கே போயி ரெண்டு பேரும் கேப்போம்.”

சிபிரி எழுந்து வெளியே வந்தார். ஒரு மொழியின் பேச்சுக்கு இன்னொரு மொழியில் அவர் கண்டுபிடித்துக் கொடுத்த இடம் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது. அதிலிருந்து அந்தப் பேச்சை இனி வெளியே எடுக்க வழியில்லை. டச்சில் மெய்யும் வசவும் ஒரே குரலில் வரும். மோரேயில் அந்தக் குரலுக்குரிய ஒரே இடத்தில் மெய்க்கு மதிப்பில்லை.

நண்பகலில் பட்டறைக்கு வந்தார். லமீன் ஒரு சக்கரக் குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். ஆஃப்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். சிபிரி குமிழிகளைப் பார்த்தார். வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது.

“லமீன், எங்க சித்தப்பா இழவுல நீ என்ன எடுத்துட்டுப் போன?”

“கட்டில. அப்புறம் புதுச் சட்டைய. ஏன், இப்பத் திருப்பிக் கேக்குறியா?”

“குடுக்க முடியாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“எப்படிடா சொல்லுவாங்க? சாமோ கை வச்சா வச்சதுதான். சேவலும் கோலாக்கொட்டையும் குடுத்து மீட்டுக்க வேண்டியதுதான். மறுத்தா உங்க வீட்டுக்குத்தான் ஆகாது.”

“வீட்டு மேலயே கை வச்சா?”

லமீனின் கை தொட்டிக்குள்ளேயே நின்றது. குழாயிலிருந்து குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன.

சிபிரி டச்சில் ஆஃப்கேயிடம் பேசத் தொடங்கினார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். எழுந்து நின்று மறுத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “உண்மையத்தானே சொல்றேன், அத எதுக்கு நாடகமாடணும்னு கேக்குறாங்க. உயிர் போற விஷயத்துல வேஷம் கட்டமாட்டாங்களாம்” என்றார் சிபிரி. பிறகு மீண்டும் அவர் பக்கம் திரும்பி, இம்முறை எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொன்னார்.

“கப்பல்ல கம்பிக்கயிறு அறுந்தா ‘குனி’ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. ஏன், எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டோம், படுத்துருவோம். இந்த ஊர்ல அந்தச் சத்தம் இதுதாம்மா. உங்களுக்குச் சாமோவோட வாயக் குடுத்தது நான். கையக் குடுக்க மறந்துட்டேன்.”

ஆஃப்கே வானத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டார்.

அதன்பின் நடந்ததைத் தாங்ஸொங்கோவில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். ஆஃப்கேயும் லமீனும் கீழூருக்குள் நுழைந்தார்கள். ஆஃப்கே தீகாவின் வளவுக்குள் புகுந்து, அடுப்புக் கற்களின் நடுவே பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாம் கற்றிருந்த மோரே முழுவதையும் அன்று செலவழித்தார்.

“இது என் வீடு. இது என் பானை. அடிமையே, உன் கந்தலை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போ. சூரியன் விழும்போது இங்கே ஒரு மோஸி வாடை அடிக்கக் கூடாது!”

லமீன் இன்னொரு பானையைக் கவிழ்த்து மேளமாகத் தட்டிக்கொண்டே கத்தினார்: “தங்கச்சி கை வச்சுட்டாடா! எல்லா வீட்டுலயும் வச்சுட்டா! நாளைக்குக் காலையில வீட்டுக்கொரு சேவல், கை நெறயக் கோலா. அதுவரைக்கும் எவனும் உள்ள இருக்கக் கூடாது!”

தீகாவால் அடக்க முடியவில்லை. “அடிப்பாவி! காலையில அழுதது முன்பணமா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுக்க அவருக்கு வாயில்லை. சாமோ என்று மண்ணைத் தொட்டு உறுதி செய்யப்பட்டவள் கை வைத்துவிட்டாள். முதலில் பாய்கள் வெளியே வந்தன, பிறகு கோழிக்கூடைகள், பிறகு தானியம். பெண்கள் தலைச்சுமையோடு பாடிக்கொண்டே மேடேறினார்கள். கிழவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு போனவர்கள், “சாமோ வர்றா, சாமோ வர்றா!” என்று கூவி அவர்களைப் பயமுறுத்தினார்கள். ரஸ்மாத்தா மட்டும் பாடவில்லை. கணவனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைக்குட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். மாலைக்குள் என் பள்ளியின் வகுப்பறைகள் கீழூராகிவிட்டன. மழை அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே கேலியும் கூத்தும் அடங்கவில்லை. சிபிரி ஒருவர்தான் சன்னலோரமாக நின்று, கரை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தபின்னும் கரை நின்றது. தீகா சேவலைப் பிடிக்க ஆள் அனுப்பினார். “மீட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவோம். விளையாட்டு போதும்” என்றார். லமீன் அந்தச் சேவல் நொண்டி என்றார். வேறு சேவல் வந்தது. அதற்கு நிறம் சரியில்லை என்றார். கோலாக்கொட்டை சொத்தை என்றார். பேரம் பேசும் சாமோவை அவசரப்படுத்த முடியாது. அவர் நண்பகல்வரை பேரம் பேசினார். ஆஃப்கே ஒவ்வொரு கொட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நண்பகல் தாண்டிச் சற்றுநேரத்தில், பெரிய மரம் சாய்வதுபோல் ஓர் ஒலி கேட்டது. நாங்கள் வெளியே ஓடினோம். கரையின் நடுவே வாய் திறந்திருந்தது. செந்நீர் கீழூருக்குள் நடந்து போயிற்று. அவசரமே இல்லாமல் போனதுபோல் மேட்டிலிருந்து தெரிந்தது. சுவர்கள் சகபோ மாவு கரைவதுபோல் கரைந்தன.

யாரும் சிரிக்கவில்லை. தீகா, “என் கழுத” என்றார். முந்தின நாள் எல்லோரும் பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, சாமோ கண்ணில் பட்டால் அதன்மேலும் கை வைத்துவிடுவாள் என்று தம் கழுதையைப் பின்கொல்லைப் பள்ளத்தில் ஒளித்துக் கட்டியிருந்தாராம். கீழூர் இழந்த உயிர் அது ஒன்றுதான்.

தண்ணீர் வடிந்தபின் வழக்கு நாபாவிடம் போயிற்று. மீட்புச் சேவல் கொடுக்கப்படவில்லை. கை வைத்த வீடுகளும் இப்போது இல்லை. இல்லாத வீட்டுக்கு மீட்பு உண்டா? பேச்சாளர் வழியாக நாபா தீர்ப்புச் சொன்னார்: “கை வச்சப்ப வீடு இருந்துச்சு. அதனால கடனும் இருக்கு. கடன் தீருறவரைக்கும் அந்த இடம் சாமோவோடது. மீட்காத இடத்துல குடிசை போட்டா அது திருட்டு.” தம் தகப்பனாரின் கரையைப் பற்றி நாபா ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் சபை கலையும்போது ஆஃப்கேயைத் தாமே அழைத்து, “நாய்தின்னி, அடுத்த கரைய நீயே கட்டு” என்றார்.

புதிய கரை எழுந்தது. மறு ஆண்டின் இறுதியில் ஆஃப்கே தம் நாட்டுக்குத் திரும்பினார். போகுமுன் நாபாவின் முற்றத்தில், தமக்குச் சேரவேண்டிய சேவல்களையும் கோலாவையும் வசூலிக்கும் உரிமையைச் சிபிரிக்குக் கொடுத்தார். லமீனும் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். “மோஸிகிட்ட மோஸியே வசூல் பண்ணட்டும். அதவிடப் பெரிய தண்டன வேற என்ன இருக்கு?” என்றார்.

அதுவரை மேட்டில் குடிசை போட்டிருந்த கீழூர்க்காரர்களுக்குப் பழைய மண்ணின்மேல் ஆசை விடவில்லை. அங்கே கிணறு வற்றாது. மேட்டில் பெண்கள் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டும். முதல் அறுவடை முடிந்ததும் தீகா ஒரு கொழுத்த வெள்ளைச் சேவலோடு தம்பியிடம் வந்தார். நானும் இருந்தேன்.

“இந்தா, பிடி. நொண்டியில்ல, நல்லாப் பாத்துக்க. நான் கீழ போயி வீடு கட்டணும்.”

சிபிரி சேவலைக் கையில் வாங்கினார். இறக்கையை விரித்துப் பார்த்தார். அலகைத் திறந்து பார்த்தார். பிறகு கீழே விட்டுவிட்டார்.

“நான் இன்னும் கேக்கவே இல்லையே அண்ணே.”

“அதான் நானே கொண்டாந்துட்டேன்ல?”

“கேக்காத கடன வாங்குனா கடன் குடுத்தவளுக்கு மரியாதை இல்ல. அது உங்க வீட்டுலயே இருக்கட்டும். கோழிங்களோட சேந்து பெருகட்டும். கேக்கும்போது கேக்குறேன்.”

தீகா தம்பியைப் பார்த்தார். கடன் தீராதவரை கரைக்குக் கீழே யாரும் குடியேற முடியாது என்பது அவருக்கு விளங்கியது என்றே நினைக்கிறேன். “நீயும் அந்தக் கப்பல்ல சாமோவாவே மாறிட்டடா” என்று சொல்லிவிட்டுச் சேவலைத் துரத்திப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் யாராவது ஒருவர் சேவலோடு வருவார். சிபிரி இறக்கையைப் பார்ப்பார், அலகைப் பார்ப்பார், “இன்னும் கேக்கல” என்பார். மேட்டுத் தெருவில் அவர் நடந்துபோனால் சிறுவர்கள், “சேவலை ஒளிச்சு வை, வசூல்காரர் வர்றாரு!” என்று கத்துவார்கள். மண்காப்புத் திட்டத்து ஆட்களுக்கு மொழிபெயர்ப்பதும், பட்டறையில் லமீனோடு வசவு பரிமாறிக்கொள்வதுமாக அவர் காலம் போயிற்று. டச்சில் வேறொரு குரலும் இருக்கிறது, பிள்ளைகளிடம் பேசும்போது எல்லாச் சொல்லுக்கும் ஒரு சின்ன வால் வைத்துக் குட்டியாக்கிவிடுவார்கள், மோரேயில் அதற்குரிய இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று கடைசி மழைக்காலத்தில் என்னிடம் சொன்னார்.

2011இல் அவர் இறந்தார். கிழவராகிவிட்ட லமீன், இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்து, அவருடைய பாயில் படுத்துக்கொண்டு அழுதார். “எந்திரிடா அடிமை! என் தங்கச்சியோட சேவல வசூல் பண்ணாம எங்கடா போற?” வழக்கப்படி நாங்கள் சிரித்தோம். பொய்யழுகை எது, மெய்யழுகை எது என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பழைய கீழூரில் இப்போது வெங்காயம் பயிராகிறது. கிணறும் இருக்கிறது, நல்ல மண்ணும் இருக்கிறது. ஒரு குடிசைகூட இல்லை. சிபிரிக்குச் சேரவேண்டிய சேவல்கள் மேட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூவிக்கொண்டிருக்கின்றன. அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.